காட்ஸில்லாவின் தோலுக்குள் ஒளிந்திருந்த இரும்பு: 1974 படத்தைப் பற்றிப் பேசலாம்

நீலத்திரை:

2021 மார்ச்சில் 'காட்ஸில்லா எதிர் காங்' தமிழ் மொழிமாற்றத்தோடும் திரையரங்குகளுக்கு வந்தது. கடைசிச் சண்டையில் ஹாங்காங் மலைக்குள்ளிருந்து ஒரு இரும்புக் காட்ஸில்லா உடைத்துக்கொண்டு வெளியே வரும். நம்மில் பலர் மெக்கா காட்ஸில்லாவை முதலில் பார்த்தது அங்கேதான். நானும் அப்படித்தான். அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய் 1974-இல் நின்றேன்.

ஜப்பானியத் திரைப்பட நிறுவனமான தோஹோ, காட்ஸில்லாவின் 20-ஆம் ஆண்டுக்காக எடுத்த படம், 'காட்ஸில்லா எதிர் மெக்கா காட்ஸில்லா'. 1974 மார்ச் 21 அன்று வெளியானது. இயக்கம் ஜுன் ஃபுகுடா, தந்திரக்காட்சிகள் தெருயோஷி நகானோ, இசை மசாரு சாட்டோ. மொத்தம் 84 நிமிடம். இதை நான்கு முறை பார்த்துவிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கான ரப்பர் பொம்மைச் சண்டை என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

காரணம் முதல் பாதி. ஃபுஜி மலைப் பக்கம் நிலம் வெடித்துக் காட்ஸில்லா எழுகிறது. அந்தக் காலத்துக்குள் காட்ஸில்லா ஊரை அழிக்கிற பேயாக இருந்தது போய், பிள்ளைகளின் காவலனாக மாறிவிட்டிருந்தது. அந்தக் காவலன் வீடுகளை மிதிக்கிறது. அங்கிரஸ் வருகிறது. முதுகெல்லாம் முள்ளாக, நாலு காலில் நடக்குமே, அதுதான். 1972 படத்தில் இரண்டும் தோளோடு தோள் நின்று சண்டை போட்ட கூட்டாளிகள். ஆனால் இந்தக் காட்ஸில்லா அதன் தாடையைப் பிடித்துக் கிழிக்கிறது. ரத்தம் கொட்டுகிறது. அந்தப் போராட்டத்தில் காட்ஸில்லாவின் தோல் கொஞ்சம் பிய்ந்து, உள்ளே பளபளவென்று உலோகம் தெரிகிறது. ஒரு நொடிதான். மனிதர்கள் யாருக்கும் புரிவதற்கு முன்பே அங்கிரஸுக்கு இது தன் நண்பன் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

அப்புறம் எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே இன்னொரு காட்ஸில்லா வருகிறது. இரண்டும் நேருக்கு நேர் நிற்க, ஒன்றின் தோல் எரிந்து உதிர்ந்து முழு இயந்திரம் வெளியே வருகிறது.

வேறு எந்த எதிரியும் எனக்கு இந்த நடுக்கத்தைத் தந்ததில்லை. கிடோராவுக்கு மூன்று தலை, கிகனுக்கு வயிற்றில் ரம்பம், பார்த்தவுடனே எதிரி என்று தெரிந்துவிடும். இது மட்டும் நாம் நம்பிய முகத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


இரவுவண்டி:

எனக்கு மிகப் பிடித்த காட்சி கடைசிச் சண்டைதான். முன்னால் காட்ஸில்லாவின் பக்கம் நிற்கும் அசுரன் கிங் சீசர், பின்னால் காட்ஸில்லா. மெக்கா காட்ஸில்லா உடம்பைத் திருப்பவே இல்லை. தலை மட்டும் சுழன்று பின்பக்கம் பார்க்கிறது. கண்ணிலிருந்து வானவில் நிறத்தில் கதிர் பின்னால் பாய, அதே நேரத்தில் முன்னாலும் சுடுகிறது. விரல்கள் ஏவுகணைகளாகப் பறக்கின்றன. உயிருள்ள எதுவும் இப்படிச் சண்டை போட முடியாது என்பது அந்த ஒரே காட்சியில் விளங்கிவிடும். அகிஹிகோ இகுச்சியின் வடிவமைப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ மெக்கா காட்ஸில்லாக்கள் வந்துவிட்டன. கூர்மையான விளிம்புகளும் ஆணி அடித்த தகடுகளுமாக இருக்கும் அந்த முதல் உருவம்தான் இன்னும் என் மனதில் நிற்கிறது.


செங்கல்சூளை:

நீலத்திரை, முதல் பாதியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் முழுவதும் அந்தத் தரத்தில் இல்லை. பொய்த்தோல் உரிந்த பிறகு படம் தன் மிகப் பெரிய பலத்தைத் தானே கைவிட்டுவிடுகிறது. சிலையைத் திருடுவது, கப்பலில் சண்டை, இன்டர்போல் உளவாளி, செத்தால் குரங்கு முகமாக மாறும் கருந்துளைக் கிரகத்து ஆட்கள் என்று பல திசைகளில் ஓடுகிறது.

அடுத்த வருடம், 1975 மார்ச் 15 அன்று வந்த 'மெக்கா காட்ஸில்லாவின் பதிலடி' இதைவிட நல்ல படம் என்பது என் கருத்து. 1954-இல் முதல் காட்ஸில்லாவை எடுத்த இஷிரோ ஹோண்டாவே திரும்பி வந்து இயக்கினார். அவர் இயக்குநராக எடுத்த கடைசித் திரைப்படம் அதுதான். அகிரா இஃபுகுபே இசையோடு வந்தார். திரைக்கதை யுகிகோ தகயாமா என்ற பெண் எழுதியது. தோஹோ நடத்திய கதைப் போட்டியில் தேர்வான கதை அது.

அதில் கட்சுரா என்று ஒரு பெண் வருகிறாள். அறிஞர் கூட்டம் ஒதுக்கித் தள்ளிய மாஃபுனே என்ற விஞ்ஞானியின் மகள். விபத்தில் இறந்தவளை வேற்றுக் கிரகத்தார் பாதி இயந்திரமாக்கி உயிரோடு நிறுத்துகிறார்கள். மெக்கா காட்ஸில்லாவை இயக்கும் கருவியை அவள் உடம்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். கடைசியில் அந்த இயந்திரத்தை நிறுத்த அவள் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். பொய்முகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். இங்கே ஒரு மனுஷியே இரும்பைத் தோலால் மூடிக்கொண்டு நிற்கிறாள்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் 9,70,000 பேர்தான். காட்ஸில்லா வரிசையிலேயே மிகக் குறைந்த கூட்டம். 1954-இல் 96,10,000 பேர் பார்த்திருந்தார்கள். அதோடு தோஹோ ஒன்பது வருடம் காட்ஸில்லாவைத் தொடவில்லை. அவ்வளவு நல்ல படத்துக்கு இந்த நிலை வந்ததை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.


நீலத்திரை:

1975 படத்தை நானும் மதிக்கிறேன். கட்சுராவாக நடித்த தோமோகோ ஐயின் முகத்தில் எதுவுமே அசையாத அந்த அமைதியை மறக்க முடியாது. நீங்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த மாஃபுனேயாக நடித்தவர் அகிஹிகோ ஹிராட்டா. 1954-இல் காட்ஸில்லாவைக் கொன்ற ஆக்சிஜன் அழிப்பான் என்ற ஆயுதத்தைக் கண்டுபிடித்து, அது தவறான கைக்குப் போகக்கூடாது என்று தன் உயிரையும் சேர்த்துக் கடலில் விட்ட செரிசாவாவும் அவர்தான். நடுவில் 1974 படத்தில் பேராசிரியர் மியாஜிமா.

மூன்று படத்திலும் அவர் விஞ்ஞானி. முதலில் ஆயுதத்தோடு சேர்ந்து சாகிறார். இரண்டாவதில் வேற்றுக் கிரகத்தார் அவர் மகளைக் கொன்றுவிடுவதாக மிரட்டி, பழுதான மெக்கா காட்ஸில்லாவை அவர் கையாலேயே சரி செய்யவைக்கிறார்கள். மூன்றாவதில் அவரே மனமுவந்து அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறார். 1974-ஐப் பார்க்காமல் 1975-ஐப் பார்த்தால் அந்த நடுப்படி இல்லாமல் போய்விடும்.


தாழம்பூ:

இரண்டு பேரும் 1974 படத்தின் கதை நடக்கும் ஒகினாவாத் தீவைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு இந்தப் படம் முக்கியமாகப் படுவதே அதற்காகத்தான்.

ஒகினாவா ஒரு காலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசு. 1609-இல் தெற்கு ஜப்பானின் சட்சுமா படைகள் அதன் மேல் பாய்ந்தன. 1879-இல் ஜப்பான் அதை முழுதாகச் சேர்த்துக்கொண்டது. 1945-இல் அங்கே நடந்த போரில் தீவு மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்துப்போனார்கள் என்று சொல்வார்கள். பிறகு 27 வருடம் அமெரிக்க ஆட்சி. 1972 மே 15 அன்றுதான் ஜப்பானிடம் திரும்பி வந்தது. இந்தப் படம் வெளியானது அதற்கு இரண்டு வருடம் கூட ஆகாத நேரத்தில்.

படத்தில் அசுமி என்று ஒரு பழைய அரச வம்சம் வருகிறது. அதன் கடைசிப் பெண் நாமி, சடங்கு ஆட்டத்துக்கு நடுவில் ஊர் எரிவதைக் காண்கிறாள். அவளோடு ஒரு முதியவர் இருக்கிறார். அசுரன் வரப்போகிறது என்று தெரிந்தும் அவர் பதறவில்லை. எங்கள் முன்னோரை அழிக்கப் பார்த்த பெருந்தீவு ஜப்பானியரை அது தீர்த்துக்கட்டட்டும் என்ற பொருளில் பேசுகிறார். பிள்ளைகள் படம் என்று சொல்லப்படுகிற ஒன்றில், ஜப்பானியப் பெரும் நிறுவனம் எடுத்த படத்தில், ஒரு ஒகினாவா முதியவர் வாயில் அந்தப் பேச்சு வருகிறது. முதன்முதலில் கேட்டபோது நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டேன்.

இடங்களும் உண்மையான இடங்கள். நாயகனின் தம்பி அந்த வினோத உலோகத்தைக் கண்டெடுப்பது கியோகுசென்டோ குகையில். தெற்கு ஒகினாவாவில் இன்றைக்கும் போய்ப் பார்க்கக்கூடிய பெரிய சுண்ணாம்புக் குகை அது. வேற்றுக் கிரகத்தாரின் தளமும் அதற்கு அடியில்தான். நாயகன் 1975-இல் நடக்கவிருந்த ஒகினாவாக் கடல் கண்காட்சிக்கான கட்டுமானத்தில் வேலை செய்கிற பொறியாளர். நிலத்தைத் தோண்டும்போதுதான் பழைய அசுமி குகையும், சுவரில் எழுதிய ஆரூடமும், ஷீசா சிலையும் கிடைக்கின்றன. புதிதாகக் கட்டுவதற்காகத் தோண்டிய இடத்தில் பழையது எழுந்து வருகிறது. கதை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.


சின்னக்குருவி:

வணக்கம், நான் புதிது. 2021 படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கிங் சீசர் என்றால் ரோமாபுரிச் சீசரா? ஜப்பானியப் படத்தில் அந்தப் பெயர் எப்படி வந்தது?


தாழம்பூ:

வாங்க சின்னக்குருவி. ரோமாபுரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது 'கிங் ஷீசா'. வெளிநாட்டுக்குப் போகும்போது எழுத்துமாற்றத்தில் சீசர் ஆகிவிட்டது. ஷீசா என்பது ஒகினாவாவில் வீட்டுக் கூரையிலும் வாசல் தூணிலும் வைக்கிற காவல் உருவம். சிங்கமும் நாயும் கலந்த மாதிரி இருக்கும். சீனத்துக் காவல் சிங்கத்திலிருந்து வந்த மரபு. நிறைய இடங்களில் ஜோடியாக வைப்பார்கள். ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றொன்று மூடியிருக்கும். நம் கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது சாதாரண வீட்டுக் கூரையிலும் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டுக் காவல் பொம்மை மலையளவு வளர்ந்து நின்றால் எப்படி இருக்கும், அதுதான் கிங் சீசர். எதிரியின் கதிரை ஒரு கண்ணால் வாங்கி மறு கண்ணால் திருப்பி அனுப்பும்.


செங்கல்சூளை:

தாழம்பூ எழுதியது:
"கதை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை."

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் அக்கா. 1975 ஜூலையில் தொடங்கவிருந்த கடல் கண்காட்சிக்கு ஊரெல்லாம் விளம்பரம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. படத்தில் கடற்கரை, குகை, ஒகினாவாவுக்குப் போகும் கப்பல் எல்லாம் சுற்றுலாப் படம் போலவே வருகின்றன. முதியவரின் அந்தப் பேச்சு ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவரே மனம் மாறி நாயகனுக்கு உதவுகிறார். ஒகினாவாவின் காயத்தைத் தொட்டுவிட்டு, தழும்பு தெரியாமல் உடனே மூடிவிடுகிற படம் இது. அதை அரசியல் படம் என்று சொல்வது அதிகம் என்று நினைக்கிறேன்.


தாழம்பூ:

சுற்றுலா விளம்பரத்தின் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. அரசியல் படம் என்றும் நான் சொல்லவில்லை. படத்துக்குள் அந்தக் காயம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

யார் யாரை எழுப்புகிறார்கள் என்று பாருங்கள். கிங் சீசரை எழுப்ப டோக்கியோவின் பேராசிரியராலும் முடியாது, இன்டர்போலாலும் முடியாது. நாமி கடற்கரையில் நின்று பாட வேண்டும். தூரத்தில் மெக்கா காட்ஸில்லா வந்துகொண்டிருக்கிறது. படம் அவசரப்படாமல் அவள் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை விடுகிறது. சண்டைக்காகக் காத்திருக்கிறவர்களுக்குப் பொறுமை போகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அத்தனை ஏவுகணைக்கு நடுவில் ஒரு தீவுப் பெண்ணின் குரலுக்கு அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்களே, அதை நான் மதிக்கிறேன்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். எழுந்து வந்த கிங் சீசருக்குத் தனியாக வெற்றி தரவில்லை. கடைசி அடி காட்ஸில்லாவுடையதுதான். அந்தத் தீவின் காவலனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.


செங்கல்சூளை:

அந்தக் கடைசி வரியில் நாம் ஒரே பக்கம் நிற்கிறோம். பாட்டைப் பற்றி நீங்கள் சொன்ன கோணத்தில் நான் பார்த்ததில்லை. இந்த வாரம் மறுபடி பார்க்கிறேன்.


பட்டறைத்தூசி:

எனக்குத் தொழில் கடைசல் பட்டறை. உலோகத்தோடுதான் நாள் முழுக்க. அதனால் இந்தப் படத்தில் என் கண் போவது வேறு இடம்.

மெக்கா காட்ஸில்லாவின் உடம்பு 'ஸ்பேஸ் டைட்டானியம்' என்று படத்தில் சொல்வார்கள். ஏன் டைட்டானியம்? அது எஃகைப் போல உறுதி, ஆனால் எடை ஏறக்குறைய அதில் பாதிக்குச் சற்று மேல். கன சென்டிமீட்டருக்கு எஃகு 7.8 கிராம் என்றால் டைட்டானியம் 4.5 கிராம். உருகுவதற்கு 1,668 டிகிரி செல்சியஸ் வேண்டும். விமானத்துக்கும் விண்கலத்துக்கும் போகிற உலோகம். அந்தக் காலத்து ஜப்பானியப் பிள்ளைக்கு 'டைட்டானியம்' என்ற சொல்லைக் கேட்டதும் ராக்கெட் ஞாபகம் வந்திருக்கும். இரும்பு என்று சொல்லியிருந்தால் பட்டறையும் தண்டவாளமும்தான் ஞாபகம் வந்திருக்கும். பெயரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

முடிவில் காட்ஸில்லா தன் உடம்பையே காந்தமாக்கி, பறந்து தப்பப் பார்க்கும் எதிரியை இழுத்துப் பிடித்துத் தலையைத் திருகி எடுக்கிறது. நிஜ டைட்டானியத்தைக் காந்தம் அப்படி இழுக்காது. பட்டறையில் டைட்டானியத் துண்டுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டவே ஒட்டாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. முன்பே ஒரு தீவில் நின்று இடியையும் மின்னலையும் காட்ஸில்லா உடம்பில் வாங்கிக்கொள்வதைக் காட்டிவிடுகிறார்கள். முதல் மோதலில் அடிபட்டு, ரத்தம் வழியக் கடலில் மூழ்கியது, தன்னைத் தேற்றிக்கொள்ள இயற்கையிடம் போகிறது. எதிரி என்ன செய்கிறது? கொட்டகைக்குப் போய் உதிரிபாகம் மாற்றிக்கொள்கிறது. இரண்டுக்கும் அடி பட்ட பிறகு நடப்பதை வைத்தே உயிர் எது, இயந்திரம் எது என்று காட்டியிருக்கிறார்கள். பழுது பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அது மிகவும் பிடித்தது.


இரவுவண்டி:

பட்டறைத்தூசி அண்ணே, அருமை. உங்களிடம் ஒரு கேள்வி. காட்ஸில்லாச் சட்டைக்குள் மனிதர் நின்று நடிக்கிறார் என்பது தெரிந்தாலும் எடை எப்படித் தெரிகிறது?


பட்டறைத்தூசி:

நான் சினிமாக்காரன் இல்லை, தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். 1954-இல் முதல் படத்தின் தந்திரக்காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயா போட்டுக் கொடுத்த பாதை அது. காட்ஸில்லாவுக்கு 50 மீட்டர் உயரம் என்று வைத்து, அதற்கேற்ப நகரத்தை 25-இல் ஒரு பங்கு அளவில் செய்தார்கள். கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிப் படம் பிடிப்பார்கள். அதைச் சாதாரண வேகத்தில் திரையில் ஓட்டும்போது ஒவ்வொரு அடியும் மெதுவாக, கனமாக விழும். கட்டடம் நொறுங்கும்போது துகளும் மெதுவாக உதிரும்.

சுபுராயா 1970 ஜனவரியில் காலமானார். பிறகு வந்த நகானோவின் கையில் வெடிமருந்து நிறைய. எண்ணெய் ஆலைக் காட்சியில் அது தெரியும். சட்டைக்குள் இருந்தவர் அத்தனை நெருப்புக்கு நடுவில்தான் நடந்திருக்கிறார். 1954 முதல் 1972 வரை காட்ஸில்லாச் சட்டையில் பெரும்பாலும் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. 1974-இல் இசாவோ ஸுஷி.

அப்புறம் ஒன்று. முதல் பாதியில் பொய்க் காட்ஸில்லா நடக்கும் நடையைக் கவனியுங்கள். முழங்கால் மடங்குவது குறைவு, உடம்பு ஒரே துண்டாகத் திரும்பும். தோல் உரிவதற்கு முன்பே நடை காட்டிக்கொடுத்துவிடுகிறது. என் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது.


வடக்குவாசல்:

இவ்வளவு பேசிவிட்டு கிரியூவைத் தொடாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2002 டிசம்பரில் வந்த மசாகி தெஸுகாவின் படம். அங்கே மெக்கா காட்ஸில்லாவை ஜப்பானியர்களே செய்கிறார்கள். எப்படி? 1954-இல் கொல்லப்பட்ட முதல் காட்ஸில்லாவின் எலும்புக்கூட்டைக் கடலடியிலிருந்து எடுத்து, அதைச் சுற்றி இயந்திரம் கட்டுகிறார்கள். பெயர் கிரியூ, அதாவது இயந்திர டிராகன். நெஞ்சில் தனிப்பூஜ்ய ஆயுதம் இருக்கிறது, எதிரியை மைனஸ் 273 டிகிரிக்குக் குளிரவைத்து உடைக்க.

முதல் சண்டையில் எதிரே வந்த காட்ஸில்லா ஒரு முறை உறுமுகிறது. கிரியூவின் கண் சிவக்கிறது. உள்ளே இருந்த எலும்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. இயக்குகிறவர்கள் கட்டளையிட்டும் கேட்கவில்லை. காப்பாற்ற வந்த நகரத்தையே இடித்துக்கொண்டு நடக்கிறது. மின்சாரம் தீரும் வரை யாராலும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் சூரியன் சாயும் நேரத்தில் அசையாமல் நிற்கிறது. அந்த உருவத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. செத்தவனைத் தோண்டி எடுத்து அவன் இனத்தோடேயே சண்டைக்கு அனுப்பினால் அவன் என்ன செய்வான்?

அதை ஓட்டுகிற அகானே, ஒரு பழைய சண்டையில் தன் தவறால் தோழர்களை இழந்தவள். யுமிகோ ஷாகு அந்தக் குற்ற உணர்ச்சியை முகத்தில் தாங்கிக்கொண்டு நடித்திருப்பார். படத்தில் ஒரு சின்னப் பெண்தான் கிரியூவுக்கும் உயிர் இருக்கிறது என்ற மாதிரி பேசுவாள். பெரியவர்களுக்கு அது ஆயுதம் மட்டும்தான்.

2003-இல் அதன் தொடர்ச்சி. மோத்ரா என்ற ராட்சத அந்துப்பூச்சியின் இரட்டைத் தேவதைகள் வந்து, எலும்பைக் கடலுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மனிதர்கள் கேட்கவில்லை. முடிவில் கிரியூ தானாகவே அடிபட்ட காட்ஸில்லாவை இறுக்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட யோஷிதோ என்ற பழுதுபார்ப்பவனை வெளியே விட்டுவிட்டு, திரையில் 'சயோனாரா யோஷிதோ' என்று எழுதிவிட்டுப் போகிறது. தன்னைச் செப்பனிட்ட கைக்கு விடை சொல்லும் இயந்திரம் இது. பட்டறைத்தூசி அண்ணன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.


பட்டறைத்தூசி:

பார்க்கிறேன் தம்பி. படித்ததற்கே மனசு கனத்துவிட்டது.


செங்கல்சூளை:

வடக்குவாசல் சொன்னதோடு 1993 படத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். தகாவோ ஓகவாரா இயக்கம், கொயிச்சி கவாகிட்டா தந்திரக்காட்சி. மெக்கா காட்ஸில்லாவை மனிதர்கள் செய்தது முதலில் அதில்தான். எதிர்காலத்திலிருந்து வந்து விழுந்த மெக்கா கிங் கிடோராவின் தொழில்நுட்பத்தை எடுத்துச் செய்கிறார்கள். 120 மீட்டர் உயரம், உடம்பில் செயற்கை வைரப் பூச்சு.

அதில் ஒரு கொடுமையான கட்டம் உண்டு. காட்ஸில்லாவின் இடுப்பருகே இரண்டாவது மூளை ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும், அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி மனதால் உணரும் சக்தி உள்ள மிகியிடம் கேட்கிறார்கள். அவளுக்கு விருப்பமில்லை. ஆனாலும் செய்கிறாள். அந்த மூளையை நசுக்கியதும் காட்ஸில்லா அப்படியே சரிந்து விழுகிறது. அது வந்ததே தன் இனத்துக் குட்டியைத் தேடி. அங்கே யார் அசுரன் என்ற கேள்விக்குப் படம் நேராகவே பதில் சொல்லிவிடுகிறது. சாகக் கிடக்கும் ரோடான் என்ற பறக்கும் அசுரன் தன் உயிரைக் காட்ஸில்லாவுக்குக் கொடுக்க, எழுந்த காட்ஸில்லா இயந்திரத்தை உருக்கிவிடுகிறது. இஃபுகுபேயின் மெக்கா இசையைக் கேட்டால் கனமான கதவுகள் ஒவ்வொன்றாக மூடுவது போல இருக்கும்.


நீலத்திரை:

இப்போது நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். 1974-இல் அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் வேற்றுக் கிரகத்தார், மனிதர் ஒருவர் அவர்கள் மிரட்டலுக்குப் பயந்து பழுது பார்த்துக் கொடுத்தார். 1975-இல் மனிதர் ஒருவர் கூட்டாளி ஆகிவிட்டார். 1993-இல் நாமே செய்கிறோம். 2002-இல் செத்த காட்ஸில்லாவின் எலும்பையே எடுத்துச் செய்கிறோம். 2021-இல் ஒரு தனியார் நிறுவனம், கிடோராவின் மண்டையோட்டை வைத்து. ஒவ்வொரு முறையும் அந்த இரும்பு நம் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

ஆனாலும் பொய்முகம் என்ற யோசனையை முழுதாகப் பயன்படுத்தியது 1974 மட்டும்தான் என்று இன்னும் சொல்வேன். பிறகு வந்த எதுவும் காட்ஸில்லா மாதிரி வேஷம் போட்டு ஊரை ஏமாற்றவில்லை.


வடக்குவாசல்:

அது சரி. ஆனால் கிரியூவில் அது தலைகீழாகிறது என்று பாருங்கள். 1974-இல் வெளியே தோல், உள்ளே இரும்பு. 2002-இல் வெளியே இரும்பு, உள்ளே எலும்பு. தோலைக் கிழித்தபோது இயந்திரம் தெரிந்தது. இயந்திரம் கட்டளையை மீறியபோது உயிர் தெரிந்தது. தெஸுகா அதை நினைத்து எடுத்தாரோ இல்லையோ, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.


தாழம்பூ:

மசாரு சாட்டோவின் இசையைப் பற்றி யாரும் பேசவில்லையே. இயக்குநர் குரோசாவாவின் 'யோஜிம்போ' படத்துக்கு இசையமைத்த அதே சாட்டோதான். இஃபுகுபே என்றால் பூமி அதிரும். சாட்டோ என்றால் ஊதுகருவிகள் துள்ளும், ஜாஸ் வாசனை இருக்கும். மெக்கா காட்ஸில்லா தோலை உதறிவிட்டு நிற்கும்போது வரும் இசையில் துக்கமே கிடையாது. தன் பலத்தை ரசிக்கிற ஒரு திமிர் இருக்கிறது. உயிர் இல்லாத ஒன்றுக்கு அது எவ்வளவு பொருத்தம்!


சின்னக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. எந்த வரிசையில் பார்ப்பது என்று ஒரு வழி சொல்லுங்கள். என் தம்பியும் கூடப் பார்க்கிறான், அவனுக்குப் பத்து வயது.


நீலத்திரை:

முதலில் 1974, அப்புறம் 1975. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டாம். பிறகு 2002-ம் 2003-ம் ஒரே மூச்சில். 2002-க்கு முன்னால் 1954 படத்தைப் பார்த்துவிடுங்கள், அந்த எலும்பு யாருடையது என்று தெரிந்திருந்தால்தான் வலிக்கும். 1993 தனிக்கதை, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். தம்பிக்கு ஒன்று: 1974-இல் அங்கிரஸ் தாடை கிழிவதும், காட்ஸில்லாவின் கழுத்தில் ரத்தம் பீறிடுவதும் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். பக்கத்தில் இருங்கள். 1975-இல் கட்சுராவின் முடிவை அவனுக்கு விளக்க வேண்டிவரும்.


செங்கல்சூளை:

சொன்னபடி 1974-ஐ மறுபடி பார்த்தேன். இந்த முறை நாமியின் பாட்டை ஓட்டிவிடாமல் முழுதும் கேட்டேன். அக்கா சொன்னது சரிதான். பாடும்போது அவள் எதிரியைப் பார்க்கவே இல்லை, மலையைத்தான் பார்க்கிறாள். கதைப்பின்னல் சிதறுகிறது என்று சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் 1975-ஐவிடக் கீழே என்று அவ்வளவு உறுதியாக இனிச் சொல்ல மாட்டேன். 1974-இல் அதை 13,30,000 பேர் பார்த்திருக்கிறார்கள், அதற்கு முந்தைய வருடப் படத்தைவிட அதிகம். அவர்களுக்கும் அந்த இரும்பு முகம் பிடித்திருக்கிறது.


சின்னக்குருவி:

நேற்று இரவு தம்பியோடு 1974 படம் பார்த்து முடித்தேன். தோல் உரிகிற இடத்தில் அவன் எழுந்து நின்றுவிட்டான். கிங் சீசர் வீட்டு வாசலில் வைக்கிற பொம்மை என்று சொன்னதும், நம் வீட்டுக்கும் ஒன்று செய்யலாமா என்று களிமண் கேட்கிறான்.

ஆனால் படம் முடிந்ததிலிருந்து ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை. தாடை உடைந்த அங்கிரஸ் மண்ணைத் தோண்டிக்கொண்டு போனதே, அது திரும்பி வரவே இல்லையே? என்ன ஆயிற்று அதற்கு?


நீலத்திரை:

அந்தப் படத்தில் திரும்பி வரவில்லை. 1975-இலும் பழைய காட்சித் துண்டுகளில் மட்டும்தான் வரும். தம்பியிடம் சொல்லுங்கள், 2004-இல் 'காட்ஸில்லா: ஃபைனல் வார்ஸ்' என்று ஒரு படம் வந்தது. 30 வருடம் கழித்து அங்கிரஸ் அதில் வருகிறது. தாடை நன்றாக இருக்கிறது.